நொய்யல் கரையிலிருந்து தமஸ்கு வரை

தோழியரே, தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும் கத்தியைப் பார்க்காதவர் நம் மலையில் இருக்க முடியாது. முற்றிய தண்டையும் ஒரே வெட்டில் சாய்க்கும் அந்தக் கூர்மை வெறும் இரும்புக்கு வராது, இரும்பு வளைந்துவிடும். அதனுடன் அளவாகக் கரி சேர்ந்தால்தான் எஃகு. இந்த இரகசியத்தை நம் கொங்கு நாட்டார் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர்.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், காவிரியில் கலக்குமுன் கொடுமணல் என்னும் சிற்றூரைக் கடந்து செல்கிறது. பதிற்றுப்பத்து கூறும் 'கொடுமணம்' இவ்வூரே என்பர் அறிஞர். 1985 முதல் இங்கு நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. ஈமக்குழிகளில் வாள்களும் அம்பு முனைகளும் கிடைத்தன. இறந்தவனோடு அவன் வாளையும் புதைத்திருக்கிறார்கள்!

எஃகு செய்த முறையைச் சேலம் பகுதியில் கண்ட ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்துள்ளனர். களிமண்ணும் கருக்கிய உமியும் பிசைந்து சிறு மூசை செய்வார்கள். அதில் இரும்புத் துண்டுகளையும் காய்ந்த ஆவாரங்கட்டைச் சிராய்களையும் இட்டு, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் பூசுவார்கள். பின் துருத்தி ஊதி இரண்டரை மணி நேரம் காய்ச்சுவார்கள். காற்றுப் புகாத மூசைக்குள் ஆவாரங்கட்டை கரியாகி இரும்போடு கலக்கும். ஆறியபின் மூசையை உடைத்தால் எஃகுக் கட்டி! சாலையோரத்து ஆவாரையையும் எருக்கையும் இனி அலட்சியமாகப் பார்க்க முடியுமா?

இத்தகைய இந்திய எஃகுக் கட்டிகள் கடல் கடந்து பாரசீகத்திற்கும் அரபு நாடுகளுக்கும் சென்றன. அங்கே வாளாக அடிக்கப்பட்டபோது, அலகில் நீரலை போன்ற கோடுகள் தோன்றின. உலகம் அவற்றைத் தமஸ்கு வாள்கள் என்றது. புனித சின்னப்பர் மனந்திரும்பிய அதே தமஸ்குதான்! பெயர் தமஸ்குக்கு, எஃகோ நம்முடையது. கொல்லர் மகனான விஞ்ஞானி ஃபாரடே 1819இல் இந்த எஃகைத்தான் ஆராய்ந்தார்.

பிறகு சீமை இரும்பு மலிவாக வந்து குவிந்தது. உலைக்குக் கரி தந்த காடுகளும் குறைந்தன. துருத்திகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

ஆயுத வடிவங்களைச் சொன்னால் ஏடு கொள்ளாது. ஜாவாவின் 'கிரிஸ்' பாம்புபோல் நெளியும். எனக்குப் பிடித்தது நம் கட்டாரி. மற்றக் கத்திகளுக்குப் பிடி நீளவாக்கில் இருக்கும். இதற்குக் குறுக்கே இருக்கும். கையை முட்டியாக மடக்கிப் பிடித்தால், குத்துவிடும் கையே கத்தியாகிவிடும். தஞ்சை அரண்மனைக் கட்டாரிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. பிடித்துப் பார்க்க ஆசை வேண்டாம். எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால்!