சிரித்தாள் என்றால் சம்மதமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் நிக்காஹ் பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் வந்து அமர்ந்திருந்தார்கள். பெண்ணிடம் கேட்டு வரும்படி அவளுடைய அத்தா, தன் மைத்துனரை உள்ளே அனுப்பினார். போன வேகத்தில் திரும்பி வந்த அவர், "கேட்டேன், சிரிச்சுது. சம்மதம்தான்" என்றார். எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். நான் துஆ ஓதினேன்.

நான்கு நாள் கழித்து அந்தப் பெண்ணின் சாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஹஜ்ரத், மாமா வந்து முன்னால நின்னா அந்தப் பிள்ளை வேற என்ன பண்ணும்? சிரிக்கத்தான் செய்யும். ராத்திரியெல்லாம் அழுதுக்கிட்டு இருக்கு" என்றார். பேச்சு அத்தோடு நின்றது. இரு வீட்டாருக்கும் மனவருத்தம். நிக்காஹ் முடிந்த பிறகு தெரிய வந்திருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். முகபாவனைகள் உலகம் முழுவதும் ஒன்றே என்ற கருத்துக்கு அறிவியலிலும் நீண்ட வரலாறு உண்டு. 1872ல் டார்வின் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1960களின் பிற்பகுதியில் பால் எக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், பப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில் வாழும் ஃபோரே மக்களிடம் போனார். வெளியுலகத் தொடர்பு மிகக் குறைவான மக்கள். நண்பர்கள் வந்திருக்கிறார்கள், குழந்தை இறந்துவிட்டது, சண்டைக்குத் தயாராகிறான் என்று சிறு கதைகளைச் சொல்லி, பொருத்தமான முகப்படத்தை எடுக்கச் சொன்னார். பெரும்பாலும் அவர் எதிர்பார்த்த படத்தையே எடுத்தார்கள். ஆனால் பயந்த முகத்தையும் வியந்த முகத்தையும் அவர்களால் சரியாகப் பிரிக்க முடியவில்லை.

அந்தச் சிறு விரிசல் பிறகு பெரிதானது. அதே நாட்டின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் நடந்த ஆய்வு 2016ல் வெளியானது. கண்கள் விரிந்து, வாய் பிளந்த முகம். நாம் பயம் என்போம். அந்தத் தீவின் இளைஞர்களில் பெரும்பாலோர் அதை மிரட்டுகிற முகம் என்றார்கள்! ஒருவர் ஓடப் போகிறார் என்று நாம் நினைக்கும் முகத்தில், தாக்க வருகிறார் என்று அவர்கள் படிக்கிறார்கள்.

எங்கே பார்க்கிறோம் என்பதும் மாறுகிறது. ஜப்பானியர் செய்தியில் அனுப்பும் சிரிப்புக் குறியில் கண்கள்தான் வளைந்திருக்கும். அமெரிக்கர்களின் குறியில் வாய் வளையும். ஜப்பானியர் கண்ணையும் அமெரிக்கர் வாயையும் அதிகம் கவனிப்பதாக 2007ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உம்மாவின் நிகாபுக்குள் இருக்கும் சிரிப்பைக் கண்ணைப் பார்த்தே கண்டுபிடிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல.

என் கதைக்கு நெருக்கமானது இன்னோர் ஆய்வு. ஜப்பானிய, அமெரிக்க மாணவர்களுக்கு மனதைக் கலங்கடிக்கும் படங்களைக் காட்டினார்கள். தனியாக இருந்தபோது இருவர் முகத்திலும் ஒரே விதமான அருவருப்பு. ஆய்வாளர் உடன் இருந்தபோது ஜப்பானிய மாணவர்கள் அதைப் புன்னகையால் மறைத்தார்கள் என்று எக்மனும் அவருடைய சகாவும் பதிவு செய்தார்கள். பெரியவர் முன்னிலையில் எந்த முகத்தைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்பதைச் சமூகம் சிறு வயதிலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறது. அந்தப் பெண் மாமாவின் முன் சிரித்ததும் இதுதான்.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். தபூக் போருக்குச் செல்லாமல் தங்கிவிட்ட கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள், திரும்பி வந்த நபி (ஸல்) அவர்களுக்கு ஸலாம் சொன்னபோது, கோபம் கொண்டவர் சிந்தும் புன்னகையைக் கண்டதாகப் பின்னாளில் கூறினார்கள். ஸஹீஹுல் புகாரியில் உள்ள நீண்ட செய்தி அது. உதட்டை மட்டும் பார்த்தவர் மகிழ்ச்சி என்றிருப்பார். பழகியவருக்கு, சூழ்நிலை தெரிந்தவருக்கு, உண்மை புரிந்தது.

கன்னிப்பெண்ணின் மௌனம் சம்மதம் என்ற சட்டத்தை எல்லோரும் அறிவோம். அதோடு நிறுத்திவிடுகிறோம், அதுதான் சிக்கல். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மர்கீனானி எழுதிய ஹிதாயாவை மதரஸாவில் ஓதியவர்களுக்கு நினைவிருக்கும்: சிரிப்பு சம்மதம்தான், ஆனால் ஏளனச் சிரிப்பு சம்மதமாகாது. சத்தமில்லாத அழுகை மறுப்பாகாது என்றும் அங்கே வருகிறது. சிரிப்பில் வகை உண்டு, அழுகையிலும் வகை உண்டு என்று ஃபுகஹாக்கள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். எந்த வகை என்று அறிய அந்த ஊரின், அந்த வீட்டின் பழக்கம் தெரிந்திருக்க வேண்டுமே. நான் ஓதிய பாடம்தான், அன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.

முகத்தைத் தவறாகப் படிப்பது வீட்டுக்குள் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் முகத்தையும் நடத்தையையும் கவனித்துச் சந்தேகத்துக்குரியவரைத் தனியே நிறுத்தும் திட்டம் ஒன்றுக்கு, 2007 முதல் சுமார் 90 கோடி டாலர் செலவிட்டார்கள். இப்படிப்பட்ட அடையாளங்களைக் கொண்டு ஏமாற்றுபவரைக் கண்டுபிடிப்பது, கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பதைவிடப் பெரிதாக மேலானதல்ல என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகமே 2013ல் சொன்னது. இமிகிரேஷன் வரிசையில் தாடியோடு நிற்கும்போது எந்தத் தப்பும் செய்யாத எனக்கே முகம் இறுகிவிடும். இப்போது இந்த வேலையைக் கணினியிடம் கொடுக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் மட்டும், வேலையிடங்களிலும் கல்விக்கூடங்களிலும் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மனிதர்களின் உணர்ச்சியை ஊகிப்பதை 2025 பிப்ரவரி முதல் தடை செய்திருக்கிறது. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் விலக்கு உண்டு.

நான் இப்போது செய்வது இதுதான். நிக்காஹ் பேச்சு என்றால், பெண்ணின் ராத்தாவோ சாச்சியோ முதல் நாளே தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். கூடத்தில் ஆட்கள் காத்திருக்கும்போது கேட்கக் கூடாது. சிரித்தால், "ஏன் சிரிக்கிறே?" என்று கேட்கச் சொல்கிறேன். வாயால் ஒரு வார்த்தை வரட்டும். போன மாதம் ஒரு பெண், "யோசிக்க ரெண்டு நாள் கிடைக்குமான்னு ஹஜ்ரத்கிட்ட கேளுங்க" என்று சொல்லி அனுப்பினாள். ஒரு வாரம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.