20 லட்சம் ரூபாயில் புது வெர்டஸ் ஜிடியா, பழைய பிஎம்டபிள்யூவா? ஸ்போர்ட் செடான் வாங்கும் முன் இதைக் கவனிங்க!

கையில் 20 லட்சம் ரூபாய் பட்ஜெட். ஷோரூமில் புது ஃபோக்ஸ்வாகன் வெர்டஸ் ஜிடி நிற்கிறது. வீட்டுக்கு வந்து செகண்ட் ஹேண்ட் கார் ஆப்பைத் திறந்தால், கிட்டத்தட்ட அதே பணத்துக்கு 2016, 2017 மாடல் பிஎம்டபிள்யூ 320டி, மெர்சிடிஸ் சி கிளாஸ், ஆடி ஏ4 எல்லாம் பளபளன்னு வரிசை கட்டுகின்றன. புதுசாக வந்தபோது 40 லட்சம் சுற்றி விற்ற கார், இப்போ பாதி விலையில். இந்த இடத்தில்தான் பலருக்கும் மனசு ஆடும்.

ஆனால் பாதி விலைக்கு வந்தது கார் மட்டும்தான். அதன் ஹெட்லைட், சஸ்பென்ஷன், டயர், கியர்பாக்ஸ் எதுவும் பாதி விலைக்கு வரவில்லை. 20 லட்சத்துக்கு வாங்கினாலும், பராமரிப்பில் அது இன்னமும் 40 லட்ச ரூபாய் கார்தான். இதைக் கணக்கில் எடுக்காமல் லோன் போட்டு வாங்கி, இரண்டாவது வருஷமே நஷ்டத்தில் விற்பவர்கள் நிறைய.

அப்படின்னா பழைய ஜெர்மன் கார் வாங்கவே கூடாதா? அப்படியும் இல்லை. எந்த வண்டி, எந்த எஞ்சின், யார் ஓட்டப் போறாங்க என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

அந்தக் காரில் அப்படி என்ன இருக்கு?

சின்ன சைஸ் ஸ்போர்ட் செடான் என்ற வகைக்கு அடையாளமாகப் பேசப்படுவது பிஎம்டபிள்யூ 3 சீரீஸ். 1975ல் ஜெர்மனியில் அறிமுகமானது. 1982ல் மெர்சிடிஸ் தன் 190 மாடலோடு இந்தப் போட்டியில் இறங்கியது. ஆடி ஏ4 வந்தது 1994ல். நமக்கு இதில் ஒரு உள்ளூர் தொடர்பும் உண்டு. செங்கல்பட்டு மாவட்டம் சிங்கபெருமாள்கோவில் பக்கம், மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் உள்ள பிஎம்டபிள்யூ ஆலை 2007ல் திறக்கப்பட்டது. இந்தியாவில் ஓடும் 3 சீரீஸ் கார்களில் பெரும்பாலானவை அங்கே அசெம்பிள் ஆனவைதான்.

பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் இரண்டும் பின் சக்கர டிரைவ். அதாவது எஞ்சின் சக்தி பின் சக்கரங்களுக்குப் போகும், முன் சக்கரங்களுக்கு வண்டியைத் திருப்புற வேலை மட்டும்தான். வெர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா, இந்தியாவில் விற்ற 2016, 2017 மாடல் ஆடி ஏ4 எல்லாம் முன் சக்கர டிரைவ். இழுக்கிறதும் முன் சக்கரம், திருப்புறதும் முன் சக்கரம்.

இது காகிதத்தில் சின்ன வித்தியாசம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது பெரிய வித்தியாசம். மேட்டில் வளைவை முடித்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது வண்டியின் எடை பின்பக்கம் சாயும். பின் டயருக்கு பிடிமானம் கூடும், அதனால் 320டி நூல் பிடித்த மாதிரி வெளியே வரும். முன் சக்கர வண்டியில் அதே நேரத்தில் முன் டயர் மேல் பாரம் குறையும். அதிகமாக மிதித்தால் டயர் வழுக்கும், வண்டி வளைவின் வெளிப்பக்கம் தள்ளும்.

ஆனா நேர்மையாகச் சொன்னால், வேளச்சேரி டிராஃபிக்கிலும் திருச்சி ஹைவேயிலும் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. மாசத்துக்கு ஒரு முறையாவது மலை ஏறுபவர், அல்லது இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி ரேஸ் டிராக்குகளில் டிராக் டே போகும் ஆள் என்றால் சரி. அது இல்லாமல் பின் சக்கர டிரைவுக்காகவே பழைய வண்டி வாங்குவது, கிணத்துத் தண்ணி இறைக்க கப்பல் மோட்டார் வாங்குற கதை.

வெர்டஸ் ஜிடி: வேகம் போதுமா?

1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 150 ஹெச்பி, 250 நியூட்டன் மீட்டர் டார்க். 0-100 கிலோமீட்டரை சுமார் 9 விநாடியில் தொடும். 190 ஹெச்பி, 400 நியூட்டன் மீட்டர் கொண்ட 320டி அதை 7 விநாடி சொச்சத்தில் முடித்துவிடும். ஓவர்டேக் செய்யும்போது டீசலின் அந்த இழுவை தனி ரகம்தான்.

வெர்டஸ் ஜெயிப்பது வேறு இடத்தில். கிரவுண்ட் கிளியரன்ஸ் 179 மில்லிமீட்டர். நம்ம ஊர் தெருக்களில் அவரவர் இஷ்டத்துக்குப் போட்ட ஸ்பீடு பிரேக்கர்களைத் தாண்ட இது பெரிய நிம்மதி. 3 சீரீஸ் தரையோடு ஒட்டிப் போகும், வீல்பேஸும் 2,810 மில்லிமீட்டர். வீல்பேஸ் நீளமாக இருந்தால் மேட்டின் உச்சியில் வண்டியின் நடு வயிறு தட்டும். நாலு பேர் உட்கார்ந்து, டிக்கியில் லக்கேஜும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பாதுகாப்பிலும் வெர்டஸ், ஸ்லாவியா இரண்டுமே 2023ல் குளோபல் என்கேப் கிராஷ் டெஸ்டில் 5 ஸ்டார் வாங்கியவை. டிக்கி 521 லிட்டர், பிஎம்டபிள்யூவின் 480 லிட்டரை விட பெரிசு.

ஒரு எச்சரிக்கை உண்டு. வெர்டஸ் ஜிடியின் 7 ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக், ட்ரை கிளட்ச் வகை. அதாவது கிளட்சை குளிர்விக்க ஆயில் கிடையாது. பம்பர் டு பம்பர் டிராஃபிக்கில் நகர்ந்து நகர்ந்து போனால் சூடாகும். அந்த கியர்பாக்ஸ் தாங்குவதற்காக வடிவமைக்கப்பட்ட டார்க் அளவே 250 நியூட்டன் மீட்டர்தான், எஞ்சின் தருவதும் அதே 250. அதனால் ‘ரீமேப் பண்ணி பவர் ஏத்தலாம் ப்ரோ’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தினமும் சிட்டி டிராஃபிக் என்றால், மேனுவல் கியர்பாக்ஸ் வேரியன்ட் கிடைக்கிறதா என்று டீலரிடம் முதலில் கேளுங்க.

வரி கணக்கு யாருக்கு சாதகம்?

2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகை புது கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன் செஸ் சேர்த்து 45 சதவீதம் இருந்தது. ஆனால் தமிழ்நாட்டில் ஆயுட்கால சாலை வரி 10 முதல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். எக்ஸ் ஷோரூம் விலை 18 லட்சம் என்றால் சாலை வரி மட்டும் 3 லட்சத்து 24 ஆயிரம். இன்சூரன்ஸ் தனி.

தமிழ்நாட்டிலேயே பதிவான பழைய காரில் இந்த வரியை முதல் ஓனர் கட்டி முடித்திருப்பார். அந்த மூணு லட்சத்தை ரிப்பேருக்கு ஒதுக்கி வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஒதுக்க முடியாது, மொத்தப் பணமும் வண்டி விலைக்கே சரியாப் போகும் என்றால், பழைய ஜெர்மன் கார் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

மூணு ஜெர்மன் கார்களில் எது?

320டி வாங்குவது என்றால் வருஷம் ரொம்ப முக்கியம். 2015க்குப் பிந்தைய ஃபேஸ்லிப்ட் மாடலில் 190 ஹெச்பி பி47 எஞ்சின் வந்தது. அதற்கு முந்தைய 184 ஹெச்பி எஞ்சினின் பெயர் என்47. இந்த எஞ்சினில் டைமிங் செயின் தேய்மானம் பற்றி உலகம் முழுக்க புகார்கள் வந்தன. சிக்கல் என்னன்னா, அந்த செயின் எஞ்சினின் முன்பக்கம் இல்லை, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. செயினை மாற்ற கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்க வேண்டிவரும். ஸ்பேர் விலையை விட கூலி அதிகமாகும் வேலை இது. ஒரு லட்சம் ரூபாய் குறைவாகக் கிடைக்குதே என்று 2014 மாடலை எடுத்தால், மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும்.

பி47லும் ஒரு விஷயம் பார்க்கணும். இஜிஆர் கூலரில் கசிவு ஏற்பட்டு தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதாக, பிஎம்டபிள்யூ 2018ல் உலக அளவில் லட்சக்கணக்கான டீசல் கார்களைத் திரும்ப அழைத்தது. பார்க்கிற வண்டிக்கு ரீகால் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று சேஸ் நம்பரைக் கொடுத்து டீலரிடம் கேட்கலாம்.

இதன் 8 ஸ்பீடு இசட்எஃப் கியர்பாக்ஸ் அருமையானது, டிராஃபிக்கிலும் டிஎஸ்ஜி மாதிரி கவலை இல்லை. ஆயில் மாற்றவே தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமோ, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80 ஆயிரம் முதல் 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. சர்வீஸ் ரெக்கார்டில் அது இல்லை என்றால், வாங்கியதும் முதல் செலவு அதுதான்.

இன்னொன்று டயர். பிஎம்டபிள்யூ பல வருஷமாக ஸ்டெப்னி இல்லாமல் ரன்-ஃபிளாட் டயர் போட்டே அனுப்பியது. பஞ்சர் ஆனாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம் வரை போகலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் டயர் ஓரம் கெட்டியாக இருப்பதால் குழியில் விழுந்தால் முதுகில் தெரியும், விலையும் சாதாரண டயரை விட கூடுதல். நாலு டயரும் தேய்ந்திருக்கும் வண்டியைப் பார்த்தால், பேரம் பேச அதுவே போதுமான காரணம்.

மெர்சிடிஸ் சி220டி பின் சீட்டில் உட்காருபவர்களுக்கான கார். அப்பா, அம்மாவை வைத்து ஓட்டுவதாக இருந்தால் மூன்றில் இதுவே சொகுசு. 2018 ஃபேஸ்லிப்டில் எஞ்சின் 194 ஹெச்பிக்கு மாறியது, 9 ஸ்பீடு கியர்பாக்ஸும் வந்தது. அந்த மாடல் 20 லட்சத்துக்குள் கிடைப்பது கஷ்டம்.

ஆடி ஏ4 உள்ளே உட்கார்ந்தால் மற்ற இரண்டையும் விட கச்சிதம். ஆனால் எஞ்சின் முன் ஆக்ஸிலுக்கு முன்னால் தள்ளி உட்கார்ந்திருக்கும், டிரைவும் முன் சக்கரத்தில். ஸ்போர்ட் என்ற வார்த்தைக்காக வாங்குபவருக்கு ஏமாற்றம்தான். 2016ல் வந்த 1.4 லிட்டர் பெட்ரோல் மாடலைப் பார்த்தால், அது எந்த அளவு எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தயாரானது என்று மேனுவலிலும் டேங்க் மூடியின் உள்பக்கத்திலும் பாருங்க. இப்போது பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் இ20.

சென்னை வண்டியா? முதலில் டிக்கியைத் திறங்க

2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். இரண்டிலும் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் மூழ்கிய கார்கள் கணக்கில்லை. அவற்றில் சில கழுவித் துடைக்கப்பட்டு மார்க்கெட்டுக்கு வருகின்றன.

3 சீரீஸில் பேட்டரி இருப்பது டிக்கியில். அதன் அருகில் எலெக்ட்ரானிக் மாட்யூல்களும் உண்டு. அதனால் எஞ்சினுக்குத் தண்ணி போகவே இல்லை என்று ஓனர் சத்தியம் செய்தாலும் போதாது. டிக்கி கார்பெட்டைத் தூக்கிப் பாருங்க, பேட்டரி தட்டில் வண்டல் கோடு இருக்கான்னு பாருங்க. சீட் பெல்ட்டை கடைசி வரை வெளியே இழுங்க, உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேறு கறை தெரிந்துவிடும். சீட்டுக்கு அடியில் உள்ள ரெயிலில் துரு இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

டெல்லி வண்டி மலிவாக வருவதற்குக் காரணம் வேறு. தலைநகர் பகுதியில் 10 வருஷம் தாண்டிய டீசல் கார்களுக்குக் கட்டுப்பாடு இருந்ததால், அந்த வயதை நெருங்கும்போதே தெற்கே தள்ளிவிட்டார்கள். அந்த ஊர் ஆர்டிஓ தரும் என்ஓசி இல்லாமல் இங்கே ரீ-ரெஜிஸ்டர் செய்ய முடியாது. வண்டி வயதைப் பொறுத்து தமிழ்நாட்டு வரியும் கட்டணும். ‘என்ஓசி அடுத்த வாரம் வந்துடும்’ என்றால், அது வந்த பிறகே முழுப் பணத்தைக் கொடுங்க.

நடுவில் ஒரு வழி இருக்கு

பேட்ஜ் முக்கியமில்லை, ஓட்டுற சந்தோஷமும் வேணும், தூக்கமும் வேணும் என்பவர்களுக்கு 2021ல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா நல்ல பதில். 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 190 பிஎஸ், 320 நியூட்டன் மீட்டர். கியர்பாக்ஸ் ஆயிலில் ஊறும் வெட் கிளட்ச் வகை, டிராஃபிக் சூட்டைத் தாங்கும். டிக்கி 600 லிட்டர். 2023ல் விற்பனை நின்றுவிட்டதால் செகண்ட் ஹேண்டில் மட்டும்தான் கிடைக்கும், பட்ஜெட்டும் கொஞ்சம் தாண்டலாம். 20 லட்சத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்க்க முடிந்தவர்கள் 320டியைப் பார்க்கும் முன் இதை ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

எதைப் பார்க்கப் போனாலும் காலையில் முதல் ஆளாகப் போங்க. ‘நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க’ என்று முந்தின நாளே ஓனரிடம் சொல்லிவிடுங்க. டைமிங் செயின் சத்தம் பெரும்பாலும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது முதல் சில விநாடிகளில்தான் கேட்கும். போய் நிற்கும்போது பானெட் ஏற்கெனவே சூடாக இருந்தால், ஏன் என்று கேளுங்க.