சட்டத்தின் வாசல் வழியே

சர்வாதிகாரி என்றதும் நம் பிள்ளைகள் சொல்லும் பெயர் ஹிட்லர். படை திரட்டி நாட்டைப் பிடித்தவர் என்றே பலரும் எண்ணுகிறார்கள். நடந்தது வேறு. 1932 ஜூலைத் தேர்தலில் அவரது கட்சி 37 சதவீத வாக்குகள் பெற்றது. 1933 ஜனவரி 30 அன்று ஜனாதிபதி ஹிண்டன்பர்க் அவரைப் பிரதமராக நியமித்தார். பிப்ரவரி 27 இரவு பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றியது. மறுநாளே, அரசியல் சட்டத்தின் 48ஆம் பிரிவைக் காட்டி, பேச்சுரிமையும் பத்திரிகைச் சுதந்திரமும் நிறுத்தப்பட்டன. ஐந்து மாதங்களுக்குள் வேறு கட்சியே இல்லை. யூத ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் வேலையிழந்தபோது, நமக்கென்ன என்று இருந்துவிட்டவர்களே அதிகம். முடிவில் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர்.

அந்தக் கொடுமைக்கு நம் நாட்டு நிகழ்ச்சி எதையும் இணையாகச் சொல்ல முடியாது. ஆனால் அது நுழைந்த வாசல் நம் வீட்டிலும் இருந்தது. 1975 ஜூன் 12 அன்று இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூன் 25 இரவு, "உள்நாட்டுக் குழப்பம்" என்ற காரணம் காட்டி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிச் சிறை சென்றனர். பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. ரயில் நேரத்துக்கு ஓடுகிறதே என்று மெச்சியவர்களும் உண்டு.

தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. முரசொலி மாறன், மு.க. ஸ்டாலின் முதலியோர் மிசாவில் கைதாயினர். சென்னைச் சிறையில் தாக்கப்பட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு பின்னர் உயிரிழந்தார்.

மும்பைத் தமிழர்களையும் அது விடவில்லை. டிராம்பேயில் ஜனதா காலனி என்ற பெரிய குடியிருப்பு இருந்தது. சுமார் 70,000 பேர். அவர்களில் தமிழர் ஏராளம். அணு ஆராய்ச்சி மையத்துக்கு நிலம் வேண்டும் என்றபோது, கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதத்தின் தலைமையில் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினர். 1976 மே மாதம் காலனி இடிக்கப்பட்டது. சதுப்பு நிலத்தில் கொண்டுபோய் விடப்பட்டவர்கள் எழுப்பிய ஊரே இன்றைய சீத்தா கேம்ப்.

நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1976 ஏப்ரல் 28 அன்று உச்சநீதிமன்றமே, நெருக்கடி காலத்தில் கைதானவர் விடுதலை கேட்டு வழக்காட முடியாது என்று சொல்லிவிட்டது. ஐந்து நீதிபதிகளில் மறுத்தவர் எச்.ஆர். கன்னா ஒருவரே. தலைமை நீதிபதியாகும் வாய்ப்பு அவருக்கு மறுக்கப்பட்டது. அவர் பதவி விலகினார்.

ஜெர்மனிக்கும் நமக்கும் வித்தியாசம் எங்கே? இங்கே 1977 மார்ச்சில் தேர்தல் நடந்தது. மக்கள் ஆட்சியை மாற்றினர். முலுண்ட் அடங்கிய வடகிழக்கு பம்பாய்த் தொகுதியில் வென்றவர், நெருக்கடி காலத்தில் தேடப்பட்ட தமிழரான சுப்பிரமணியன் சுவாமி. 1978இல் 44ஆவது திருத்தம் வந்தது. "உள்நாட்டுக் குழப்பம்" என்ற சொல் நீக்கப்பட்டு "ஆயுதக் கிளர்ச்சி" என்றானது. உயிர் வாழும் உரிமையை இனி எந்த நெருக்கடியிலும் நிறுத்த முடியாது.

வாசலுக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. ஆனால் தாழ்ப்பாளைக் காக்க ஆள் வேண்டும். அந்த 21 மாதங்களைக் கண்ட பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியாக இருப்பதை அவர்கள் வாயால் கேட்கட்டும்.