ஒரு கிருமி அகப்பட்ட பிறகும்

மழைக்காலம் ஓய்ந்து வரப்பில் புல் மண்டியிருக்கும் மாதங்களில், புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் பக்கத்திலிருந்து காய்ச்சலும் கழுத்து விறைப்புமாய், பேச்சுக் குழறி வருபவரை ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே முதல் வேலை முதுகுத்தண்டு நீர் எடுப்பது. முதுகில் குத்தினால் கால் விழுந்துவிடும் என்று உறவினர்கள் தடுப்பதுண்டு. வீண் பயம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்கும் கீழே.

நீர் கலங்கி, வெள்ளணுக்கள் பெருகி, சர்க்கரை குறைந்திருந்தால் சீழ் மூளைக்காய்ச்சல் என்று சந்தேகிக்கலாம். இயல்பில் அந்த நீரில் ரத்தச் சர்க்கரையின் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். எனவே ரத்தத்தையும் அதே நேரத்தில் சோதிக்காவிட்டால் சர்க்கரை நோயாளியிடம் ஏமாந்துபோவோம். கிருமி வளர்ந்து தெரிய ஓரிரு நாளாவது ஆகும். அதுவரை காத்திராமல் செஃப்ட்ரையாக்சோன், வான்கோமைசின் ஊசிகளைத் தொடங்கிவிடுவார்கள். முதல் டோஸோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேரும்.

இத்தனைக்கும் பிறகு காய்ச்சல் இறங்கவில்லை என்றால்? உடம்பை மறுபடி தேட வேண்டும்: அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ், இடுப்பில் துணி இறுகும் இடம். பீடி சுட்டதுபோல் வலியில்லாத கறுப்புப் பொருக்கு ஒன்று கிடைத்தால் அது உண்ணிக் காய்ச்சல். புதரில் வாழும் நுண்ணிய பூச்சியின் குஞ்சு கடித்துப் பரப்பும் இந்நோயின் பாக்டீரியா, நம் செல்களுக்குள்ளேயே குடியிருப்பது. செஃப்ட்ரையாக்சோன் அதை ஒன்றும் செய்யாது. மலிவான டாக்சிசைக்ளினுக்குக் கட்டுப்படும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் முன்னின்று நடத்தி 2023இல் வெளிவந்த ஆய்வு, நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினோடு அசித்ரோமைசினையும் ரத்தக் குழாய் வழியே சேர்த்துக் கொடுப்பது மேல் என்று காட்டியது. சீழ்க் கிருமியும் உண்ணிக் காய்ச்சலும் ஒருவரையே பிடிப்பது அரிது. ஆனால் முன்னது தெரிந்துவிட்டதாலேயே பின்னதைத் தேடாமல் விடுவதுதான் ஆபத்து.

இதைவிட விசித்திரமான கூட்டாளி ஒன்று உண்டு. வெறுங்காலோடு சேற்றில் நடப்பவரின் தோல் வழியே நுழையும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு, குடலில் பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் பெருகிக்கொண்டிருக்கும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு சாப்பிட்டு எதிர்ப்புச் சக்தி தளர்ந்தால், அதன் குஞ்சுகள் குடல் சுவரைத் துளைத்துப் புறப்படும். குடல் பாக்டீரியாக்களையும் கூடவே ரத்தத்துக்கும் மூளை உறைக்கும் ஏற்றிச் செல்லும். தலையில் அடியோ அறுவை சிகிச்சையோ இல்லாத ஒருவரின் தண்டுநீரில் ஈ.கோலை போன்ற குடல் கிருமிகள் ஒன்றோ இரண்டோ வளர்ந்தால், மலத்திலும் சளியிலும் புழுவைத் தேடியாக வேண்டும். இருந்தால் ஐவர்மெக்டின் தர வேண்டும். புழுவை விட்டுவிட்டுப் பாக்டீரியாவை மட்டும் கொன்றால், அடுத்த சுமையோடு அது திரும்ப வரும்.