16 சென்டிமீட்டர் உயரம் செய்யும் வேலை

திண்டுக்கல்லிலிருந்து எந்தப் பக்கம் வண்டியைத் திருப்புகிறோமோ, அதற்கேற்ப சாலையின் குணம் மாறும். கரூருக்கோ மதுரைக்கோ என்றால் தேசிய நெடுஞ்சாலை 44, நான்கு வழி, தடையில்லாத ஓட்டம். வத்தலக்குண்டைத் தாண்டினால் கொடைக்கானல் மலைச்சாலை. பிரதான சாலையை விட்டுத் தோட்டத்துப் பக்கம் இறங்கினால் மண்தடம். பல வருடம் செடான் ஓட்டிய குடும்பம் எஸ்யூவிக்கு மாறினால் என்ன கிடைக்கும், எது கைவிட்டுப் போகும் என்பதைப் புது வண்டி வந்த சில வாரங்களிலேயே இந்த ஊர் காட்டிவிடும்.

மாறுகிறவர்களும் குறைவில்லை. 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் விற்பனையான சுமார் 43 லட்சம் பயணிகள் வாகனங்களில் 65 சதவீதம், எஸ்யூவிகளை உள்ளடக்கிய பயன்பாட்டு வாகனங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க வாகாக இரண்டு வண்டிகள் தமிழ்நாட்டிலேயே தயாராகின்றன. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வரும் ஹூண்டாய் வெர்னா செடான்; 2015 முதல் அதே ஆலையிலிருந்து வரும் கிரெட்டா எஸ்யூவி. இரண்டிலும் அதே 1.5 லிட்டர், 115 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின் உண்டு. இப்போதைய தலைமுறை வெர்னாவின் உயரம் 1475 மி.மீ., கிரெட்டாவின் உயரம் 1635 மி.மீ. எஸ்யூவி தருவதும் பறிப்பதும் பெரும்பாலும் இந்த 16 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன.

முதலில் உணர்கிறவர்கள் வீட்டுப் பெரியவர்கள். செடானில் ஏற, குனிந்து, முழங்காலை மடக்கி, உடம்பைக் கீழே இறக்க வேண்டும். இறங்கும்போது கதவுச் சட்டத்தைப் பிடித்து எழ வேண்டும். எஸ்யூவியின் இருக்கை ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் இருக்கிறது. பக்கவாட்டில் உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்துக்கொண்டால் போதும். மூட்டுவலிக்காரரைப் பழனி அடிவாரத்துக்கு அழைத்துப் போகிற குடும்பத்துக்கு, வண்டி மாற்றியதற்கு இந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

அடுத்தது வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெதுவான மேடாக இருக்க வேண்டும். கிராமத்துச் சாலைகளில் பல இடங்களில் இருப்பதோ குட்டையான, செங்குத்தான வரப்பு. ஐந்து பேர் ஏறி ஸ்பிரிங் அழுந்திய செடானின் அடிவயிறு அதில் உரசும். கிரெட்டாவுக்குத் தரை இடைவெளி 190 மி.மீ. இன்னொரு சங்கதியும் இதில் உண்டு. வெர்னாவின் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 2670 மி.மீ.; கிரெட்டாவில் 2610. இந்தத் தூரம் குறையக் குறைய, மேட்டின் உச்சியில் வண்டியின் நடுப்பகுதி தட்டுவதும் குறையும்.

டிக்கியில்தான் ஏமாற்றம். பெரிய வண்டி, நிறைய இடம் என்று நினைப்போம். வெர்னாவில் 528 லிட்டர், கிரெட்டாவில் 433. உயரமாக அடுக்கலாம், பின் இருக்கையை மடக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி மூட்டையோடு நான்கு பெட்டிகளையும் ஏற்றி, பின்கண்ணாடி மறையாமல் ஓட்டிப் பழகியவர்களுக்குச் செடானின் ஆழமான டிக்கி நினைவுக்கு வரும்.

பெட்ரோல் கணக்கும் இடிக்கும். இதே இன்ஜின், மேனுவல் கியருடன், நிறுவனக் கணக்குப்படி வெர்னாவில் லிட்டருக்கு 18.6 கி.மீ., கிரெட்டாவில் 17.4 கி.மீ. தருகிறது. எடை ஒரு காரணம், காற்று இன்னொன்று. உயரமான முகப்பு அதிகக் காற்றைத் தள்ள வேண்டியிருக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், 60 கி.மீ. வேகத்தில் இருப்பதைப் போல 100 கி.மீ. வேகத்தில் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. அதனால் ஊருக்குள் ஓட்டுகிறவரைவிட நான்கு வழிச்சாலையில் மதுரைக்குத் தினமும் போய்வருகிறவருக்கு இந்த வித்தியாசம் கூடுதலாக உறைக்கும். அப்படிப்பட்டவருக்குச் செடானே போதும். அதை விற்க அவசரப்பட வேண்டாம்.

மலைக்கு வருவோம். சிறுமலைச் சாலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் செடான் தரையோடு ஒட்டித் திரும்பும். எஸ்யூவியின் எடைமையம் உயரத்தில் இருப்பதால் வளைவில் உடல் வெளிப்பக்கம் சாயும். பின் இருக்கைப் பிள்ளைகளுக்குக் குமட்டல் வர இதுவும் ஒரு காரணம். புது வண்டிகளில் உள்ள மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, சக்கரம் வழுக்கும்போது தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து வண்டியை இழுத்துப் பிடிக்கும். சாய்வை மட்டும் அது மாற்றாது. செடானில் எடுத்த வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து வளைவுக்குள் நுழைவதே மருந்து.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் திண்டுக்கல்லைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜினுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறைகிறது. ஆளும் சாமானும் நிறைந்த எஸ்யூவி இரண்டாம் கியரில் முனகுவது பழுதல்ல. டர்போ உள்ள டீசல் வண்டி காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பு அதற்குக் குறைவு. இறங்கும்போது கதை வேறு. கூடுதல் எடையைப் பிரேக் மட்டுமே தாங்கினால் சூடேறி, கருகிய வாடை வரும், பிடிப்பும் தளரும். ஏறிய கியரிலேயே இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் முறைக்கு மாற்றித் தாழ்ந்த கியரில் வைத்து இறங்கலாம்.