9 எப்படி 17 ஆனது: கொரோனா வருஷத்தில் ஃபார்முலா 1 இடம் மாறிய கதை

இன்னைக்கு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கலாம். ஒரு ஃபார்முலா 1 ரேஸை ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு மாத்தணும்னா என்னென்ன வேணும்?

கேட்கும்போது சுலபமா தெரியும். ட்ராக் ஒன்னு இருக்கணும், அதுல காரைக் கொண்டுபோய் இறக்கணும், அவ்வளவுதானே? 2020-ல் கொரோனா வந்தப்போ இந்தக் கேள்விக்கு நிஜமாவே விடை கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. அதுவும் ஒரு ரேஸுக்கு இல்ல, கிட்டத்தட்ட ஒரு முழு சீசனுக்கு.

அதே வருஷம் ஐபிஎல் யுஏஇ-க்குப் போனது நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். துபாய், அபுதாபி, ஷார்ஜா என்று மூணு மைதானத்திலேயே மொத்த டோர்னமெண்டையும் முடிச்சாங்க. எஃப்1-க்கு அப்படிச் செய்ய முடியாது. நீளமான நேர் ரோட்டில் பறக்கிற கார், வளைவுகள் அதிகமான ட்ராக்கில் திணறும். அந்த வித்தியாசத்தைப் பார்க்கத்தான் சீசனே. ஒரே ட்ராக்கில் திரும்பத் திரும்ப ஓட்டினால் உலக சாம்பியன்ஷிப் என்கிற பேருக்கே அர்த்தம் இல்லாமல் போயிடும்.

சரி, கதை மெல்போர்னில் ஆரம்பிக்குது. மார்ச் 12, 2020, வியாழக்கிழமை. சீசனின் முதல் ரேஸுக்காக எல்லா டீமும் ஆஸ்திரேலியாவில் இறங்கியாச்சு. உலகமே மூடிக்கிட்டு இருக்கு, நாம இங்க இருக்கிறதே அதிர்ச்சியா இருக்கு என்று லூயிஸ் ஹாமில்டன் பத்திரிகையாளர்கள் முன்னாடியே சொன்னார். ஏன் இன்னும் ரத்து பண்ணலன்னு கேட்டப்போ, பணம்தான் காரணம்னு நேராவே சொல்லிட்டார். அன்னைக்கு ராத்திரி மெக்லாரன் டீம்ல ஒருத்தருக்குத் தொற்று உறுதியாச்சு, டீம் விலகிடுச்சு. மறுநாள் காலையில் ரசிகர்கள் கேட் வாசலில் வரிசையில் நின்னுக்கிட்டு இருக்கும்போதுதான் ரேஸ் ரத்து என்று அறிவிச்சாங்க.

அந்த வருஷக் காலண்டரில் மொத்தம் 22 ரேஸ். அதுல 13 ரேஸ் ரத்தாகிடுச்சு. மொனாக்கோ கிராண்ட் பிரீ 1954-க்கு அப்புறம் முதல் தடவையா நடக்காமல் போனது. கனடா, ஜப்பான், சிங்கப்பூர், பிரேசில் எல்லாம் போச்சு. மிச்சம் 9. ஆனால் வருஷ முடிவில் எண்ணிப் பார்த்தா 17 ரேஸ் நடந்திருந்தது. நடுவுல இருக்கிற அந்த 8 ரேஸ் எங்கிருந்து வந்தது? அதுதான் இந்த எபிசோட்.

முதல்ல நாள் வேணும். எஃப்1 டீம்களுக்கு ஆகஸ்ட்டில் ஃபேக்டரியைக் கட்டாயமா மூடி வைக்கிற ஒரு விடுமுறை உண்டு. அதைத் தூக்கி மார்ச், ஏப்ரலுக்குக் கொண்டுவந்தாங்க. 14 நாள் இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமா நீட்டிக் கடைசியில் 63 நாள் ஆக்கினாங்க. எல்லாரும் வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் விடுமுறையைக் கழிச்சுட்டா, ஆகஸ்ட் மாசம் ரேஸுக்குக் கிடைக்கும் இல்லையா? ரொம்ப எளிமையான, ரொம்ப கெட்டிக்காரத்தனமான வேலை அது.

அடுத்தது இடம். 8-ல் 3 ரேஸ், ஏற்கெனவே போன ட்ராக்கிலேயே இன்னொரு வாரம் தங்கி ஓட்டினது. ஆஸ்திரியாவில் ரெட் புல் ரிங்கில் ஜூலை 5, ஜூலை 12 என்று ரெண்டு ரேஸ். இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோனில் ரெண்டு. பஹ்ரைனில் ரெண்டு. ஒரே நாட்டில் ரெண்டு ரேஸுக்கும் ஒரே பேர் வைக்க முடியாது என்பதால், ஆஸ்திரியாவில் ரெண்டாவது ரேஸுக்கு ஸ்டிரியன் கிராண்ட் பிரீ என்று அந்த மாநிலத்தின் பேரையே வெச்சாங்க. சில்வர்ஸ்டோனில் ரெண்டாவது வாரத்துக்கு ஒரு படி மென்மையான டயர் கொண்டுவந்தாங்க. முதல் வாரம் கடைசி லேப்பில் டயர் வெடிச்சு, மூணு சக்கரத்தில் தள்ளாடிக்கிட்டே ஹாமில்டன் ஜெயிச்சார். ரெண்டாவது வாரம் அதே ட்ராக், அதே கார்கள், ஆனால் ஜெயிச்சது வெர்ஸ்டாப்பன். டயர் மட்டும் மாறினாலே ரேஸ் எவ்வளவு மாறுதுன்னு பாருங்க.

மீதி 5 ரேஸ்தான் உண்மையான இடமாற்றம். இத்தாலியில் முஜெல்லோ, இமோலா. ஜெர்மனியில் நூர்பர்க்ரிங். போர்ச்சுகலில் போர்டிமாவோ. துருக்கியில் இஸ்தான்புல். இந்த அஞ்சுமே வருஷ ஆரம்பத்தில் காலண்டரில் இல்லாத ட்ராக்குகள்.

உலகத்தில் ரேஸ் ட்ராக் ஆயிரம் இருக்கு. அப்புறம் ஏன் இந்த அஞ்சு? எஃப்1 ஓட்டணும்னா எஃப்ஐஏ கொடுக்கிற கிரேடு 1 சான்றிதழ் வேணும். 300 கிலோமீட்டர் வேகத்தில் வர்ற கார் ட்ராக்கை விட்டு வெளியே போனா நிற்க எவ்வளவு இடம் இருக்கு, தடுப்புச் சுவர் எப்படிப்பட்டது, மருத்துவ மையத்தில் என்ன வசதி, ஹெலிகாப்டர் எங்க இறங்கும் என்று ஒவ்வொன்னையும் பார்த்துத்தான் அதைக் கொடுப்பாங்க. ஒரு தடவை வாங்கினா ஆயுசுக்கும் செல்லாது, புதுப்பிச்சுக்கிட்டே இருக்கணும். அதுக்கு மேல மார்ஷல்கள் வேணும். கொடி காட்டுறது, நொறுங்கின காரை அப்புறப்படுத்துறது, தீயை அணைக்கிறது எல்லாம் அவங்கதான். நூத்துக்கணக்கில் வேணும், பெரும்பாலும் உள்ளூர் தன்னார்வலர்கள். எல்லை எல்லாம் மூடிக் கிடக்கும்போது அவங்களை வெளிநாட்டில் இருந்து கூட்டிக்கிட்டு வர முடியாது.

இங்கதான் எனக்கு என் வேலை ஞாபகம் வருது. சாஃப்ட்வேர்ல ஒரு சர்வர் விழுந்தா உடனே இன்னொன்னு எடுத்துக்கணும்னு ஸ்டாண்ட்பை ஒன்னு வெச்சிருப்போம். மாசக் கடைசியில் பில் வரும்போது யாராவது ஒருத்தர் கண்டிப்பா கேட்பார், சும்மா நிக்கிற மெஷினுக்கு எதுக்கு இவ்வளவு காசு என்று. அந்த ஸ்டாண்ட்பையிலும் ரெண்டு வகை இருக்கு. ஒன்னு, எப்பவும் ஓடிக்கிட்டே தயாரா நிக்கிறது. இன்னொன்னு, அணைச்சு மூலையில் வெச்சிருக்கிறது. தேவைப்படும்போது எழுப்பிப் பார்த்தாதான் அதுல என்னென்ன பிரச்சினைன்னே தெரியும்.

முஜெல்லோ முதல் வகை. ஃபெராரிக்குச் சொந்தமான ட்ராக். அங்க எஃப்1 ரேஸ் நடந்ததே இல்ல, ஆனால் வருஷா வருஷம் மோட்டோஜிபி நடக்கும், 2012-ல் எஃப்1 டீம்கள் அங்க டெஸ்டிங் கூடப் பண்ணியிருக்காங்க. ட்ராக் உயிரோட இருந்தது. செப்டம்பர் 13 அன்று அங்க நடந்தது ஃபெராரியின் 1000-வது கிராண்ட் பிரீ. இமோலாவும் அப்படித்தான். எஃப்1 2006-லயே அங்கிருந்து கிளம்பிட்டாலும் வேற ரேஸ்கள் நடந்துக்கிட்டே இருந்தது. நவம்பர் 1 அன்று எஃப்1 திரும்பி வந்தது. முந்தின வாரம் போர்ச்சுகலில் ரேஸ் முடிஞ்சு லாரிகள் இத்தாலி வந்து சேரணும் என்பதால், வழக்கமான மூணு நாளை ரெண்டு நாளாச் சுருக்கினாங்க. சனிக்கிழமை ஒரே ஒரு 90 நிமிஷப் பயிற்சி, அன்னைக்கே தகுதிச் சுற்று, மறுநாள் ரேஸ்.

இஸ்தான்புல் ரெண்டாவது வகை. 2011-க்கு அப்புறம் எஃப்1 அங்க போகவே இல்ல. மத்த நாலு ட்ராக் அளவுக்கு அங்க ரேஸ் ஓட்டமும் இல்ல. எஃப்1 வருதுன்னு தெரிஞ்சதும் ரேஸுக்குச் சில வாரம் முன்னாடி புதுசா தார் போட்டாங்க. நல்ல எண்ணத்தில்தான் செஞ்சாங்க. ஆனால் புதுத் தாரில் எண்ணெய்ப் பசை மேல வந்து நிக்கும். அது காய்ஞ்சு, தேய்ஞ்சு, பிடிமானம் வர மாசக்கணக்கு ஆகும். பிரெல்லி கொண்டுவந்திருந்ததோ இருக்கிறதிலேயே கடினமான டயர் வகைகள். நவம்பர் குளிர். அதுக்கு மேல மழை வேற. உலகத்தின் சிறந்த ஓட்டுநர்கள் ஐஸ் மேல ஓட்டுற மாதிரி வழுக்கினாங்க. அந்த நிலைமையில் ஆறாவது இடத்தில் ஆரம்பிச்ச ஹாமில்டன், ஒரே செட் டயரில் கிட்டத்தட்ட 50 லேப் ஓட்டி ஜெயிச்சு, 7-வது உலகப் பட்டத்தை வாங்கி ஷூமாக்கரைச் சமன் பண்ணினார். பார்க்கிறவங்களுக்கு அற்புதமான ரேஸ். ஏற்பாடு பண்ணினவங்களுக்கு வயித்துல புளியைக் கரைச்ச ரேஸ்.

நூர்பர்க்ரிங் இன்னொரு பாடம். ட்ராக் தயார், ஆட்கள் தயார், கார் தயார். ஆனால் மாசம் அக்டோபர், இடம் ஐஃபெல் மலைப்பகுதி. வெள்ளிக்கிழமை முழுக்க மூடுபனி. மருத்துவ ஹெலிகாப்டர் பறக்க முடியல. அடிபட்டா குறிப்பிட்ட நேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியலன்னா ஒரு காரும் வெளியே வரக் கூடாது, அதான் விதி. பயிற்சி மொத்தமும் ரத்து. ஷூமாக்கரின் மகன் மிக், அன்னைக்குத்தான் முதல் தடவையா ஒரு எஃப்1 வார இறுதியில் ஓட்ட வேண்டியது. அதுவும் நடக்கல. ஒரு ரேஸை எடுத்துக்கிட்டு வந்துடலாம், அதோட பழைய தேதியின் வெயிலை எடுத்துக்கிட்டு வர முடியாது.

அடுத்தது ஆட்கள். ஒரு டீமுக்கு 80 பேருக்கு மேல ட்ராக்குக்குள் வரக் கூடாது. ஒரு டீம் ஆட்கள் இன்னொரு டீமோட பழகக் கூடாது. அஞ்சு நாளைக்கு ஒரு தடவை டெஸ்ட். முதல் ரேஸுக்கு முந்தின வாரத்தில் மட்டும் 4,032 டெஸ்ட் எடுத்தாங்க, ஒருத்தருக்கும் தொற்று இல்ல. ஆஸ்திரியாவில் ஆரம்பிச்சதுக்கும் காரணம் இருக்கு. ட்ராக் ஊருக்கு வெளியே மலைகளுக்கு நடுவில் இருக்கு, பக்கத்திலேயே ஒரு விமானத்தளம், ட்ராக்கும் ரெட் புல்லுக்கே சொந்தம். வர்றவங்களைத் தனியாப் பிரிச்சு வைக்க இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

கடைசியா பணம். சாதாரணமா, ரேஸ் நடத்துற ஊர்தான் எஃப்1-க்குக் கட்டணம் கட்டும். அந்தக் காசை டிக்கெட் விற்று எடுக்கும். ஆட்களே வரக் கூடாதுன்னா யார் கட்டுவாங்க? அதனால பல இடங்களில் ஒப்பந்தத்தையே மாத்தி எழுத வேண்டி வந்தது. 2019-ல் சுமார் 202 கோடி டாலரா இருந்த எஃப்1 வருமானம், 2020-ல் சுமார் 114 கோடியா இறங்கியது. அந்த விலைக்குத்தான் சீசன் உயிர் பிழைச்சது. 8 ரேஸுக்குக் கீழ போனா அதைச் சாம்பியன்ஷிப்னே எண்ண முடியாதுன்னு விதி இருந்தது. ரத்தான காலண்டரில் மிஞ்சின 9, அந்தக் கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்குன்னு கவனிங்க.

இதெல்லாம் யாரோ கோடீஸ்வரர்களின் விளையாட்டுதானே, நடந்தா என்ன, நடக்கலன்னா என்னன்னு கேட்கலாம். அதுக்கு செர்ஜியோ பெரெஸை உதாரணமா சொல்றேன். மெக்சிகோக்காரர், 2011-ல் இருந்து ஓட்டுறார், ஒரு ரேஸ் கூட ஜெயிச்சது இல்ல. ஜூலைக் கடைசியில் அவருக்குத் தொற்று, ரெண்டு ரேஸ் போச்சு. செப்டம்பரில், அடுத்த வருஷம் உங்களுக்கு சீட் இல்லன்னு டீம் சொல்லிடுச்சு. டிசம்பர் 6 அன்று பஹ்ரைனில் ரெண்டாவது ரேஸ். முதல் வாரம் 5.4 கிலோமீட்டர் ட்ராக்கில் ஓட்டினவங்க, இந்த வாரம் உள் வளைவுகளை விட்டுட்டு வெளிச்சுற்றில் மட்டும் ஓட்டினாங்க. மொத்தமே 3.543 கிலோமீட்டர், ஒரு நிமிஷத்துக்குள் ஒரு லேப். முதல் லேப்பிலேயே மோதல், பெரெஸ் கடைசி இடத்துக்குப் போயிட்டார். அங்கிருந்து ஏறி வந்து ஜெயிச்சார். 190-வது ரேஸில் முதல் வெற்றி. அதே மாசம் ரெட் புல் அவரைக் கூப்பிட்டுச்சு. யோசிச்சுப் பாருங்க, அந்த ரேஸ் வருஷ ஆரம்பத்தில் காலண்டரிலேயே கிடையாது.

இதுக்கு மறுபக்கம் ஹனோய். வியட்நாமின் முதல் கிராண்ட் பிரீ ஏப்ரல் 5 அன்று நடக்க வேண்டியது. 5.6 கிலோமீட்டர் ட்ராக்கைக் கட்டி முடிச்சிருந்தாங்க. முதல்ல தள்ளி வெச்சாங்க, அப்புறம் ரத்து, அடுத்த வருஷக் காலண்டரிலும் பேர் இல்ல. இன்னைக்கு வரைக்கும் அங்க ஒரு எஃப்1 ரேஸ் கூட நடக்கல. இமோலா, போர்டிமாவோ, இஸ்தான்புல் மூணும் 2021 சீசனிலும் இருந்தன.

என் கணக்குப்படி 9-ஐ 17 ஆக்கினது அந்த வருஷம் யாரும் திடீர்னு கண்டுபிடிச்ச யுக்தி மட்டும் இல்ல. எஃப்1 தங்களை மறந்துட்டுப் போன பிறகும், வருஷக்கணக்கா சான்றிதழைப் புதுப்பிச்சு, புல்லை வெட்டி, மார்ஷல்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கிட்டே இருந்த ட்ராக்குகள்தான் பெரிய காரணம். அடுத்த தடவை உங்க ஆபீஸ் மீட்டிங்ல, சும்மா நிக்கிற ஸ்டாண்ட்பை சர்வரை எடுத்துடலாமான்னு யாராவது கேட்டா, இமோலா கதையைச் சொல்லுங்க. எழுப்பிப் பார்க்காமலே மூலையில் வெச்சிருக்கீங்கன்னா, இஸ்தான்புல் கதையையும் சேர்த்துச் சொல்லுங்க.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, ஞாயித்துக்கிழமை ரேஸ் பார்க்கிற உங்க ஃப்ரெண்டுக்கு அனுப்பி விடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.