வாந்தியைத் தடுக்கும் ஊசி

காஞ்சிபுரம் பக்கம் போனால் திருமுக்கூடலையும் பார்த்து வாருங்கள். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுமிடம் அது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 'வீரசோழன்' என்ற ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, 15 படுக்கைகளுடன் அங்கே நடந்ததாம். கோயில் பணியாளர்களுக்கும், உங்களைப்போல் விடுதியில் தங்கிப் படித்த மாணவர்களுக்கும் அங்கே வைத்தியம். மருத்துவரைத் தவிர, சல்லியக்கிரியை எனும் அறுவை வைத்தியம் செய்பவர் ஒருவரும் இருந்தார்.

அன்று கத்தி பட்ட உடம்பு செய்ததையேதான் இன்றைய உடம்பும் செய்கிறது. காயச் செய்தி நரம்பு வழியே மூளைக்குப் போகும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஓர் இயக்குநீரை அனுப்பும். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி உடனே கார்ட்டிசாலைச் சுரக்கும். நெருக்கடிக்கால இயக்குநீர் இது. இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டும், வீக்கத்தை அடக்கும்.

அறுவை முடிந்து கண் விழிப்பவர்களில், தடுப்பு மருந்து இல்லாவிட்டால், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வாந்தி வரும். தையல் போட்ட வயிற்றோடு வாந்தி எடுப்பது எத்தனை வேதனை! அதனால் மயக்க மருந்து கொடுக்கும்போதே பலருக்கு டெக்சாமெத்தசோன் ஊசியும் போடுகிறார்கள். அளவு 4 முதல் 8 மில்லிகிராம். இது ஒரு ஸ்டீராய்டு. கார்ட்டிசாலின் உறவுக்கார மருந்து. குமட்டலை இது எப்படித் தடுக்கிறது என்பது இன்னும் முழுதாக விளங்கவில்லை. ஆனால் தடுக்கிறது.

இனிதான் வேடிக்கை. ஊசி போட்டவரின் இரத்தத்தைச் சோதித்தால், அறுவைக்குப் பின் ஏற வேண்டிய கார்ட்டிசால் இறங்கியிருக்கும்! ஏன்?

உங்கள் வீட்டு மாடித் தொட்டியில் மிதவை வால்வு இருக்கிறதல்லவா? லாரித் தண்ணீரை ஊற்றி நிரப்பினாலும் மிதவை உயர்ந்து குழாயை மூடிவிடும். யார் ஊற்றிய தண்ணீர் என்று அதற்குத் தெரியாது. பிட்யூட்டரியும் அப்படித்தான். டெக்சாமெத்தசோன் கார்ட்டிசாலைவிடச் சுமார் 25 மடங்கு வலியது. 8 மில்லிகிராம் என்றால் 200 மில்லிகிராம் கார்ட்டிசாலுக்குச் சமம். நம் உடம்பு சாதாரணமாக ஒரு நாளில் சுரப்பது 10 முதல் 20 மில்லிகிராம்தான். குழாய் மூடாமல் என்ன செய்யும்?

ஊசி ஒன்றே என்றால் சில நாட்களில் குழாய் தானே திறந்துகொள்ளும். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்குபவர் கதை வேறு. அவரது அட்ரீனல் சுருங்கியே போகும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. சதை போட வேண்டுமென்று கடையில் தாமாக வாங்கித் தின்பவர்களை நினைத்தால் பகீரென்கிறது.

ஸ்டீராய்டு நோய் எதிர்ப்பைக் குறைக்குமே, காயத்தில் சீழ் பிடிக்காதா என்று கேட்பீர்கள். மருத்துவர்களுக்கும் அந்தப் பயம் இருந்தது. 2021இல் வெளியான ஓர் ஆய்வில் 8,700க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்தார்கள். ஊசி போட்டவர்களில் 8.1 சதவீதத்தினருக்கும், போடாதவர்களில் 9.1 சதவீதத்தினருக்கும் காயத்தில் தொற்று கண்டது. ஊசியால் தொற்று கூடவில்லை. சர்க்கரை மட்டும் சற்று ஏறும். ஆகவே நீரிழிவு உள்ளவருக்கு அறுவைக்குப் பின் சர்க்கரையை அடிக்கடி சோதித்துப் பார்க்கிறார்கள்.